தக்காளி சிவக்காத வெளிச்சம்

என் மனைவியோடு ஒரே ஒருமுறை கடைக்குப் போய்ப் பாருங்கள், நான் படும் பாடு புரியும். துணிக்கடையோ மருந்துக்கடையோ, உள்ளே காலை வைத்ததும் அவள் தலை மேலே போய்விடும். என்ன விளக்கு, எத்தனை வாட், எத்தனை அடி உயரத்தில் தொங்குகிறது, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு தூரம், எல்லாம் பார்த்தாக வேண்டும். கடைக்காரர் "என்னம்மா வேணும்?" என்று கேட்டால், "அந்த மூணாவது விளக்கு துடிக்குதே, சோக் போச்சா?" என்று இவள் திருப்பிக் கேட்பாள். எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும். எங்கள் கல்யாணப் போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறோம், மணப்பெண் மட்டும் மண்டபத்து விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நாங்கள் வேலை பார்ப்பது தையல் நூல் செய்யும் தொழிற்சாலை. அங்கே அவளுக்கு அண்ணாந்தக்கா என்று பெயர். மின்சாரப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. வந்து சேர்ந்தபோது நூல் சுற்றும் மெஷினில்தான் இருந்தாள். தலைக்கு மேலிருந்த விளக்கு ஏன் அணைந்தால் உடனே எரிவதில்லை என்று பழைய எலெக்ட்ரீசியனைக் கேட்டாள். அவர் சொன்னார். அது ஏன் அப்படி என்று கேட்டாள். அதையும் சொன்னார். ஒரு மாதம் இப்படியே போனதும் மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டு, "தாயே, நீயே போய்ப் படிச்சுக்க" என்றார். படித்தேவிட்டாள். ஒரு விஷயம் அவள் மண்டைக்குள் புகுந்துவிட்டால் அடிவரை போய்ப் பார்க்காமல் விட மாட்டாள். அந்தக் குணத்தை நான் மெச்சியதும் உண்டு, தலையில் அடித்துக்கொண்டதும் உண்டு.

நான் அங்கே ஸ்டோர் கீப்பர். ஆணி முதல் அட்டைப்பெட்டி வரை என் கையைத் தாண்டித்தான் உள்ளே போகும். எங்கள் மூன்று பேர் வீட்டில் மூன்றாவது ஆள் என் அக்கா. அவளும் அதே தொழிற்சாலைதான், ஷேடு மேசையில் இருபத்திரண்டு வருஷம். சாயம் ஏறி வரும் நூல் கோன்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, மாதிரி அட்டையோடு ஒப்பிட்டு, இது இந்த நிறம் என்று பிரித்துப் பெட்டியில் வைப்பாள். ஆயிரம் பேர் சட்டையில் ஒரே நிறத் தையல் வருகிறதென்றால் அது அவள் கண்ணால்தான். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நகை நட்டில் ஆசையில்லை, அதிகம் பேசவும் மாட்டாள். பெருமை என்று அவளுக்கு இருந்தது அந்த இரண்டு கண்கள்தான். ஒருமுறை வீட்டுச் சுவரில் விரிசலை அடைத்து மிச்சமிருந்த பெயிண்டைப் பூசினேன். வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே, "இது வேற டப்பா பெயிண்டு" என்றாள். வேறு டப்பாதான்.

போன வருஷம் தொழிற்சாலை விளக்குகளையெல்லாம் மாற்றச் சொல்லி என் மனைவியிடம் உத்தரவு வந்தது. இருபத்தைந்து அடி உயரக் கூரை. அண்டாவைக் கவிழ்த்த மாதிரி தகர மூடிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் நானூறு வாட் விளக்கு. அந்த மூடியையும் ஹோல்டரையும் அப்படியே வைத்துக்கொண்டு, குறைந்த கரண்டில் அதிக வெளிச்சம் தரும் பல்பாகப் பார்த்துப் போட வேண்டும். அவ்வளவுதான், வீடு வீடாக இல்லை. சாப்பாட்டு மேசையில் கேட்லாக், ஜன்னலோரம் சாம்பிள், துணிக்கூடைக்குள் ஹோல்டர். கட்டிலில் பதினேழு பல்புக்கு இடமிருந்தது, எனக்குத்தான் இல்லை.

"வாட்டுங்கிறது அது தின்கிறது. லூமன்ங்கிறது அது திருப்பிக் குடுக்கிறது," என்று சாப்பிடும்போது விளக்கினாள். "கம்மியாத் தின்னுட்டு நிறைய வேலை செய்யறது எதுன்னு பாக்கணும், அவ்வளவுதாங்க."

சொல்லும்போது என் தட்டைப் பார்த்தாளா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

கடைசியில் நூற்றைம்பது வாட் எல்இடி ஒன்று தேறியது. அதில் இரண்டு ரகம். பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு ஒரு எண் உண்டு. ஒரு ரகத்தில் அது தொண்ணூறு, இன்னொன்றில் எழுபது. எழுபதுக்காரன் அதே கரண்டில் இன்னும் கூடுதலாக வெளிச்சம் கொட்டினான். "நூத்துக்கு எழுபது பாஸ்தானே," என்று நான்கூடச் சொன்னேன். அவள் எழுபதையே எடுத்தாள்.

நான்கே நாளில் எல்லா விளக்கும் மாறியது, என் ஸ்டோரைத் தவிர. என் ரேக்குகளுக்கு நடுவே ஏணியைக் கொண்டுவந்து போட்டால் நான் வேலையை விட்டுவிட்டுப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். ஏழு வருஷமாக அடுக்கி வைத்த ரேக்குகள் ஐயா! "உங்க ஸ்டோர் மட்டும் மியூசியமா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். பழைய விளக்கு அங்கே ஒன்றே ஒன்று பிழைத்துக்கொண்டது.

புது வெளிச்சம் பிரமாதம். வெளிச்சத்தை அளக்கும் உள்ளங்கை அளவு லக்ஸ் மீட்டரை மேசை மேசையாக வைத்துக் காட்டினாள். முன்பு முந்நூறு காட்டிய இடத்தில் இப்போது ஐந்நூற்றுக்கு மேல். கரண்டு பாதிக்கும் கீழே. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. மேனேஜர் ஒரு பிரதியைத் தன் அறையில் சட்டம் போட்டு மாட்டினார், இன்னொன்றை இவளிடம் கொடுத்தார். அன்றிலிருந்து மேனேஜருக்கு ஒரு வியாதி. எங்கே சுவிட்சைக் கண்டாலும் கை தானாகப் போய் அணைத்துவிடும். கழிப்பறைக்குள் ஆள் இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. மெரூன் என்று போன பெட்டியில் ஐந்து கோன் அடர் பிரவுன். இருபத்திரண்டு வருஷத்தில் அக்கா மேசையிலிருந்து போன சரக்கு திரும்பியதே இல்லை. சரி, மனுஷிதானே என்று விட்டார்கள். அடுத்த மாதம் இரண்டு பெட்டி. அதற்கடுத்த மாதம் நான்கு. மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மரியாதையாகத்தான் சொன்னார். "வெளிச்சம் முன்னைவிட ரெண்டு மடங்கு இருக்கு. அதுலயும் தெரியலைன்னா என்னம்மா சொல்றது? வயசாகுது, தப்பில்ல. இந்த மாசக் கடைசியோட பேக்கிங் போயிடுங்க."

பேக்கிங் என்றால் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுவது.

அக்கா எழுந்து தன் மேசைக்குத் திரும்பிப் போனாள். நான்தான் குதித்தேன். பிறகு நானே அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். படிக்க ஒரு சின்னப் பவர், மற்றபடி ஒன்றுமில்லை என்றார் அவர். கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுப் பார்த்த பெட்டியும் திரும்பி வந்தது. அன்றைக்குத்தான் அக்கா உடைந்தாள். என் சட்டைக்குப் பொத்தான் தைக்கச் சொன்னால் ஊசியையும் நூலையும் என் கையிலேயே கொடுத்து, "நீயே தச்சுக்க, எனக்கு இப்பல்லாம் சரியாத் தெரியறதில்ல," என்றாள். பொத்தானைக் கோணலாகத் தைத்துக்கொண்டு நான் அழுதேன். சொல்ல என்ன வெட்கம், அழுதேன்தான்.

என் மனைவியும் சும்மா இருக்கவில்லை. அக்காவின் மேசையில் நான்கு தடவை மீட்டர் வைத்துப் பார்த்தாள். நான்கு தடவையும் ஐந்நூற்றுப் பத்துக்குக் குறையவில்லை. "வெளிச்சத்துல குறையே இல்லை அண்ணி," என்றாள் ஆறுதலாக. அது எப்பேர்ப்பட்ட ஆறுதல் என்று அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது கேன்டீனில் ஒரு ரகளை நடந்தது. மிச்சமிருந்த புது விளக்குகளில் இரண்டைக் கேன்டீனில் போட்டிருந்தார்கள். வெட்டி வைத்த தக்காளியைப் பார்த்துவிட்டு யாரோ, "என்ன, நேத்து வாங்கினதா?" என்று கேட்க, கேன்டீன்காரர் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

"நாலு மாசமா இதையே கேக்குறீங்கடா! காலைல நானே மார்க்கெட்டுல பொறுக்கி எடுத்த தக்காளி. அங்க ரத்தமாச் செவந்து கெடந்துச்சு. உங்க முன்னாடி வச்சா மட்டும் சோகை புடிச்ச மாதிரி ஆயிடுது. என் ராசியா இது?"

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போய் ஒரு முழுத் தக்காளியைக் கையில் எடுத்தாள். வாசலுக்குப் போனாள். உள்ளே வந்தாள். மறுபடி வாசலுக்குப் போனாள். தக்காளியை ஏந்திக்கொண்டு ஏழெட்டு தடவை உள்ளேயும் வெளியேயும் நடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? "அண்ணாந்தக்காவுக்கு என்ன ஆச்சு?" என்று ஒருவன் என்னைக் கேட்டான். எனக்கு மட்டும் தெரியுமா?

அடுத்து நேராக என் ஸ்டோருக்கு வந்து தக்காளியைப் பழைய விளக்கின் அடியில் நீட்டினாள். தக்காளி செக்கச்செவேல் என்று இருந்தது.

"ஏங்க," என்றாள் மெதுவாக, "திரும்பி வந்த பெட்டி உங்ககிட்டதானே இருக்கு?"

திறந்து கொடுத்தேன். ஒரு மெரூன், ஒரு பிரவுன், இரண்டையும் மேசையில் வைத்தாள். எனக்கே வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. நான் நீலத்துக்கும் கறுப்புக்கும் தடுமாறுகிற ஆசாமி. இரண்டையும் எடுத்துக்கொண்டு ஷேடு ஹாலுக்கு ஓடினோம். அங்கே புது வெளிச்சத்தில், ஐந்நூற்றுப் பத்து லக்ஸ் பிரகாசத்தில், இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டை போல ஒரே மங்கல் நிறமாக இருந்தன. இவள் கண்கள் அகலமாக விரிந்தன. எனக்கு வந்த ஆத்திரம் அவளுக்கு வரவில்லை. திருடனைக் கண்டுபிடித்துவிட்ட குஷி.

"சிவப்பு மட்டும் கம்மியாக் குடுக்குதுங்க இது! மத்ததெல்லாம் கொட்டுது, மீட்டர் மொத்தத்தைத்தான் எண்ணும். சிவப்பு இல்லாம மெரூன் எப்படி மெரூனாத் தெரியும்? அதான் அந்த எழுபது!"

"கத்தாத," என்றேன். "அந்த எழுபதை வாங்கினது நீதான்."

அப்போதுதான் அவள் முகம் மாறியது.

மறுநாள் காலை மேனேஜரிடம் போய், ஸ்டோருக்கு வந்து பத்து நிமிஷம் ஒரு விஷயத்தைப் பார்க்கச் சொல்லிக் கேட்டாள். வாசலில் வெளிச்சத்தில் காட்டிவிட்டால் போதாதா என்றேன். "வெயில்ல யாருக்கும் தெரியும், ஃபேக்டரிக்குள்ள வெயிலா அடிக்குதும்பார். விளக்குக்கு விளக்குதான் காட்டணும்," என்றாள். அன்றைக்கு வெயிலும் இல்லை. வானம் இருட்டிக்கொண்டு மழை. அக்காவையும் அழைத்து வந்தோம். "மறுபடியும் பரீட்சையா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தாள். முதலில் ஷேடு ஹாலில் நாற்பது கோன்களைக் கலந்து வைத்துப் பிரிக்கச் சொன்னோம். நிற எண் கோனின் குழாய்க்கு உள்ளே ஒட்டியிருக்கும், வெளியே தெரியாது. ஒன்பது தப்பு. அதே நாற்பதையும் மறுபடி கலந்து ஸ்டோர் மேசையில் பரப்பினோம்.

மேனேஜர் வந்தார். கதவருகே சுவிட்ச் இருந்தது. எங்கள் மூன்று பேரையும் பார்த்துக்கொண்டே அவர் கை தானாகப் போனது. டப்.

"ஐயோ சார்!" என்று என் மனைவி அலறினாள்.

"என்னம்மா, போட்டாப் போச்சு," என்று திரும்பப் போட்டார். எரியவில்லை. பழைய ரக விளக்கு, சூடாக இருக்கும்போது அணைத்தால் ஆறிய பிறகுதான் மறுபடி பிடிக்கும். ஆறக் கால் மணி, முழு வெளிச்சம் வர இன்னும் ஐந்து நிமிஷம். சட்டம் போட்டு மாட்டிய கடிதத்தின் சொந்தக்காரர் திருதிருவென விழித்துவிட்டு ஓர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தார். கிளம்பிப் போயிருப்பார், மழை அவரைப் பிடித்து வைத்தது.

அந்த அரை இருட்டில் என் மனைவி பேச ஆரம்பித்தாள். நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். கையை உதறிவிட்டாள்.

"சார், தப்பு அண்ணி கண்ணுல இல்ல. நான் போட்ட பல்புல. பெட்டிலயே போட்டிருந்தது. பாத்தேன். பாத்துட்டு, வெளிச்சம் கூட வருதேன்னு விட்டுட்டேன்."

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் அக்கா கேட்டாள். "உனக்குத் தெரியுமா அப்ப?"

"நம்பர் தெரியும் அண்ணி. அது உங்களை இப்படிப் பண்ணும்னு தெரியாது."

அக்கா ஒரு கோனைக் கையில் எடுத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். அவ்வளவு பேச்சு அவள் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதில்லை. "விளக்கு மாத்தின முதல் வாரமே எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. சிவப்பெல்லாம் செத்துப்போன மாதிரி. ஹால்ல சொன்னேன், கண்ணு பழகிடும்னாங்க. உன்கிட்ட வந்து சொல்லலாம்னு பாத்தா, நீ அந்தக் கடிதாசியை மடில வச்சுக்கிட்டு அவ்வளவு சந்தோஷமா உக்காந்திருந்த. சரி, நமக்குத்தான் ஏதோ கோளாறுன்னு வாயை மூடிக்கிட்டேன். நாலு தடவை என் மேசைல மீட்டர் வச்சியேம்மா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'அண்ணி உங்களுக்கு என்ன தெரியுது'ன்னு என்னைக் கேட்டியா?"

நான் மட்டும் கேட்டேனா? கண்ணாடி வாங்கிக் கொடுத்த மகராசன் நான்தானே. மேனேஜர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கு லேசாக முனகியது. முதலில் ஊதா மாதிரி ஓர் ஒளி, பிறகு வெளிறிய பச்சை, மெல்ல மெல்ல வெள்ளை. நாங்கள் நான்கு பேரும் வாயைப் பிளந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம். முழு வெளிச்சம் வந்ததும் அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசை ஓரமாக வைத்தாள். கோன்களை எடுத்தாள். எடுத்தாள் என்பதுகூடச் சரியில்லை, கை படப்பட அவை அந்தந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தன. ஒன்றைக்கூட இரண்டாம் தடவை பார்க்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

மேனேஜரே ஒவ்வொரு கோனாகக் கவிழ்த்து உள்ளே எண்ணைப் பார்த்தார். நாற்பதும் சரி. மனுஷன் நம்பாமல், மழை விட்டதும் இரண்டு கோனைத் தூக்கிக்கொண்டு ஷேடு ஹாலுக்குப் போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். மூன்றாம் தடவை வந்தபோது அவர் முகத்திலும் நேற்று தக்காளியோடு அலைந்தவளின் களை வந்திருந்தது. "என்னம்மா இது, மாயமா இருக்கு!" என்றார். அக்காவைப் பார்த்து, "நீங்க உங்க மேசையிலயே இருங்கம்மா," என்று தணிந்த குரலில் சொன்னார்.

கடிதத்தைக் கழற்றிவிடலாம் என்று என் மனைவி சொன்னாளாம். வேண்டாம் என்றாராம் மேனேஜர். நடைபாதை, கிடங்கு, வண்டி நிறுத்துமிடம் எல்லாவற்றுக்கும் அந்த எழுபது விளக்கே தாராளம், அங்கே யார் மெரூன் பார்க்கிறார்கள்? ஷேடு மேசைகளுக்கு மேலே மட்டும் பத்து விளக்கை மாற்ற வேண்டும். கேன்டீனில் இரண்டு, அது கேன்டீன்காரரின் மானத்துக்காக.

அடுத்த வாரம் மூன்று சாம்பிள் பல்புகள் வந்தன. இந்த முறை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. அக்காவின் மேசைக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினாள். எது எந்த ரகம், எது எத்தனை வாட் என்று ஒன்றும் சொல்லவில்லை. பெட்டிகளை என் ஸ்டோரில் ஒளித்து வைக்கச் சொன்னாள். ஒவ்வொன்றாக எரிய, அக்கா அதனடியில் உட்கார்ந்து கோன்களைப் புரட்டினாள். முதல் விளக்கு மூன்றிலும் பிரகாசமானது, மீட்டரில் நானே பார்த்தேன். அக்கா உதட்டைப் பிதுக்கினாள். இரண்டாவதற்குத் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினாள். மூன்றாவது எரிந்ததும் ஒரு மெரூன் கோனைத் தூக்கிப் பிடித்தாள். "இது," என்றாள்.

மூன்றிலும் வெளிச்சம் குறைந்தது அதுதான். என் மனைவி பழக்கதோஷத்தில் மேலே பார்த்தாள், கையிலிருந்த மீட்டரைப் பார்த்தாள்.

"நிச்சயமா அண்ணி?"

அக்கா கோனைக் கீழே வைத்தாள். கோபமில்லை, சிரிப்புமில்லை. "இன்னுமா கேக்குற?" என்றாள்.

என் மனைவி மீட்டரை அதன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். அப்புறம் ஒரு நாற்காலியை இழுத்து அக்காவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, மேலே பார்க்காமல் மேசை மேல் குனிந்து, "இதுல உங்களுக்கு என்ன தெரியுது அண்ணி, சொல்லுங்க," என்று கேட்டாள்.